எலைட் விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோருக்கு: 100 கிரெடிட்டிலிருந்து கடைசித் தரம் வரை

எலைட் என்ற விண்வெளி விளையாட்டை நான் முதன்முதலாகத் திறந்த இரவில் எந்தக் கொள்ளையனும் என்னைச் சுடவில்லை. கிளம்பிய நிலையத்துக்கே திரும்பி நுழைய முயன்று, அதன் சுவரில் மோதி, பதினொரு முறை செத்தேன். பிறகு ஒரு வாரம் கழித்து நுழையக் கற்றுக்கொண்டு, இரண்டு வாரம் உழைத்துச் சேர்த்த பணத்தையெல்லாம் சேமிப்புக் கோப்பு எழுதப்படாததால் இழந்தேன். இந்த விளையாட்டில் புதியவரை வீழ்த்துவது பெரும்பாலும் எதிரியின் லேசர் அல்ல. எதை முதலில் கற்க வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும் என்ற வரிசை தெரியாமைதான். அந்த வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதி, ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் 1984இல் பீபீசி மைக்ரோ கணினிக்கு வெளியிட்ட மூல வடிவத்தை வைத்தே கீழ்க்காணும் எல்லாம் எழுதப்பட்டுள்ளது. 1984-85இல் இந்தியாவில் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கணினியும் இதுவே என்பதால், வாசகர்களில் சிலர் அந்தச் சிவப்பு விசைகளைப் பள்ளியில் தொட்டிருக்கவும் கூடும். மற்றவர்களுக்கு எமுலேட்டர் போதும்.

1. எந்த வடிவம், என்ன செலவு

பணம் எதுவும் தேவையில்லை. பீபீசி மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; ஜேஎஸ்பீப் உலாவியிலேயே ஓடும், பீப்எம் கணினியில் நிறுவிக்கொள்ளக் கூடியது. விளையாட்டின் பல வடிவங்களை இயன் பெல்லே தம்முடைய இணையதளத்தில் பதிவிறக்கத்துக்கு வைத்திருக்கிறார்.

அங்கே ஒலிநாடா வடிவம், வட்டு வடிவம் என்று இரண்டும் இருக்கும். வட்டு வடிவத்தை எடுங்கள். ஒலிநாடா வடிவத்தில் சிறப்புப் பணிகள் இல்லை, ராணுவ லேசரும் சுரங்க லேசரும் இல்லை, எதிர்ப்படும் கப்பல்களின் வகைகளும் குறைவு. ஸ்பெக்ட்ரம் கணினிக்கான வடிவத்தைப் பழைய பொருள் விற்பவரிடம் பெட்டியோடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டு ஒன்று பூட்டாக வந்தது, திரையில் சிதைந்து தெரியும் எழுத்தை அதன் வழியே பார்த்துத் தட்டினால்தான் விளையாட்டு தொடங்கும். அந்தத் துண்டு பெட்டியில் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எமுலேட்டரில் வட்டுக் கோப்பை ஏற்றிய பிறகு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே பிரேக் விசையைத் தட்ட வேண்டும். இன்றைய விசைப்பலகையில் பிரேக் பெரும்பாலும் எஃப்12இல் இருக்கும். பழைய தளபதியை, அதாவது முன்பு சேமித்த ஆட்டத்தை, ஏற்றவா என்று கேட்கும்போது வேண்டாம் என்றால், ஜேம்சன் என்ற பெயரில், கோப்ரா மார்க் 3 கப்பலோடு, லேவ் என்ற கோளின் நிலையத்தில், 100 கிரெடிட் பணத்தோடு, முழு எரிபொருளோடு, மூன்று ஏவுகணைகளோடு, முன்புறம் ஒரு சாதாரண பல்ஸ் லேசரோடு நிற்பீர்கள்.

2. விசைகளும் கையேடும்

மூலப் பெட்டியில் வந்த பறத்தல் பயிற்சிக் கையேடு இணையத்தில் கிடைக்கிறது. அதில் நீங்கள் உடனே அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியது விசைப் பட்டியல் மட்டுமே. மற்றவற்றைப் பொறுமையாகப் படிக்கலாம்.

எஸ் விசை மூக்கைத் தாழ்த்தும், எக்ஸ் உயர்த்தும். காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் கப்பலை இடமும் வலமும் உருட்டும். இடைவெளி விசை வேகம் கூட்டும், கேள்விக்குறி விசை குறைக்கும். ஏ சுடும். டி ஏவுகணையைக் குறிபார்க்கவைக்கும், எம் அதை ஏவும், யூ அந்த எண்ணத்தைக் கைவிடும். ஹெச் வேறு கோளுக்குத் தாவும், ஜே ஒரே மண்டலத்துக்குள் விரைந்து நகரும். இந்தக் கப்பலுக்கு இடம் வலமாக நேரே திரும்பத் தெரியாது. முதலில் உருண்டு, பிறகு மூக்கை உயர்த்தித்தான் திரும்பும். கார் விளையாட்டுகளில் பழகிய கைக்கு இது புரிய இரண்டு நாள் ஆகும்.

எமுலேட்டரில் இரண்டு விசைகள் புதியவரைத் திணறடிக்கும். ஒன்று, நிலையத்தை விட்டுக் கிளம்ப அழுத்த வேண்டிய எஃப்0. நம் விசைப்பலகையில் அப்படியொரு விசையே இல்லை என்பதால், எமுலேட்டரின் விசைப் படத்தைத் திறந்து அதற்கு எந்த விசை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். மற்றொன்று, சேமிக்க உதவும் அட் குறி. பீபீசி மைக்ரோவில் அது பி விசைக்கு வலப்பக்கம் தனியாக இருந்தது. ஆகவே இட அடிப்படையில் விசைகளைப் பொருத்தும் எமுலேட்டரில் ஷிஃப்டும் 2உம் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பி விசையை அடுத்த சதுர அடைப்புக்குறி விசையை அழுத்த வேண்டும்.

3. சேமிப்பை முதல் நாளே சோதியுங்கள்

விளையாட்டில் சேமிக்கக் கூடிய ஒரே இடம் நிலையத்தின் உட்புறம். விண்வெளியில் செத்தால், கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்புவீர்கள். அட் குறியை அழுத்தி, ஏழு எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்தால் தளபதியின் பணம், சரக்கு, கருவிகள், வீழ்த்திய கணக்கு எல்லாம் வட்டில் எழுதப்படும்.

எழுதப்படும் என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். நான் பயன்படுத்திய எமுலேட்டர் வட்டுக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்திருந்தது. வேறொரு நாள் உலாவியில் ஆடியபோது, சேமிப்பு அந்தத் தாவலின் நினைவகத்தில் மட்டும் இருந்து, தாவலை மூடியதும் போய்விட்டது. ஆகவே முதல் நாளே, எதையும் வாங்காமல், லேவ் நிலையத்தில் நின்றபடியே ஒருமுறை சேமியுங்கள். எமுலேட்டரை முழுதும் மூடுங்கள். மறுபடி திறந்து அந்தத் தளபதியை ஏற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் எழுதும் தடையை நீக்குங்கள், அல்லது மாறிய வட்டுக் கோப்பைத் தனியே தரவிறக்கி வைக்கும் வசதியைத் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை இது.

ஆட்டத்தின் நிலையை எந்தக் கணத்திலும் அப்படியே பதிந்துவைத்து, பிறகு அங்கேயே திரும்பும் எமுலேட்டர் வசதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலையத்துக்குள் நுழையப் பழகும் வரை தாராளமாகப் பயன்படுத்துங்கள். சண்டையிலும் அதையே பிடித்துக்கொண்டால், எப்போது ஓட வேண்டும் என்ற அறிவு வராமலே போய்விடும்.

4. நிலையத்துக்குள் நுழைதல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வணிகமோ சண்டையோ வேண்டாம். கிளம்புவது, திரும்பி நுழைவது, மறுபடி கிளம்புவது என்று தினமும் அரை மணி நேரம் செய்தால் ஒரு வாரத்தில் பத்துக்கு ஒன்பது முறை பிழைக்கலாம்.

நிலையம் தன் அச்சில் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் மட்டும் செவ்வக வடிவில் ஒரு சிறு வாயில் உண்டு. அந்த முகம் எப்போதும் கோளைப் பார்த்தே இருக்கும் என்பதுதான் இந்தப் பாடத்தின் திறவுகோல். நிலையத்தின் பின்னாலோ பக்கத்திலோ நின்றுகொண்டு வாயிலைத் தேடுவது வீண். கோளுக்கும் நிலையத்துக்கும் நடுவே போய், நிலையத்தின் பக்கம் திரும்பி நின்றால் வாயில் நேரே தெரியும்.

வேறு கோளிலிருந்து வரும்போது, வலக்கீழ்ப் பக்கம் உள்ள சிறு திசைகாட்டி முதலில் கோளைக் காட்டும். புள்ளி பளிச்சென்று தடிமனாக இருந்தால் இலக்கு உங்களுக்கு முன்னால். மங்கிச் சிறுத்திருந்தால் பின்னால். கோளை நோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். கருவிப் பலகையில் எஸ் என்ற எழுத்து தோன்றினால் நிலையத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அந்த நொடியிலிருந்து திசைகாட்டி நிலையத்தைக் காட்டத் தொடங்கும். இது தெரியாமல் பலர் கோள் திடீரென்று இடம் மாறிவிட்டதாக நினைத்துக் குழம்புவார்கள்.

இப்போது நிலையத்தைப் பக்கவாட்டில் விட்டுவிட்டுக் கோளின் பக்கம் சற்றுத் தள்ளிப் போங்கள். வேகத்தைக் குறையுங்கள். திரும்பி நிலையத்தைத் திரையின் நடுவில் கொண்டுவாருங்கள். வாயில் உள்ள முகம் நேராகத் தெரிகிறதா, பக்கத்து முகங்களும் சேர்ந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்கத்து முகம் தெரிந்தால் நீங்கள் இன்னும் நேர்கோட்டில் இல்லை. அருகில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் என்னைப் பதினொரு முறை கொன்றது. தூரத்திலேயே நேர்கோட்டைப் பிடித்துவிட வேண்டும். அருகில் போன பிறகு மூக்கைத் தொடவே கூடாது.

அடுத்தது சுழற்சி. நிலையம் சுழலும் வேகத்துக்கு ஈடாக நாமும் கடைசி வரை உருண்டுகொண்டே போக வேண்டும் என்று கையேட்டைப் படித்தவர்கள் எண்ணுவார்கள், நானும் எண்ணினேன். விசையை விட்டவுடன் கப்பலின் உருளல் தானே தணிந்துவிடுவதால் விசைப்பலகையில் அது பெரும்பாடு. விளையாட்டு உண்மையில் சோதிப்பது நீங்கள் வாயிலைத் தொடும் அந்த ஒரு கணத்தை மட்டும்தான். அப்போது உங்கள் மூக்கு வாயிலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 26 பாகைக்குள் இருக்க வேண்டும். வாயில் உங்கள் பார்வையில் கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 33 பாகைக்குள் இருக்க வேண்டும். இவ்வளவு தாராளம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் கை நடுங்கவில்லை. வாயில் திரையில் பாதி அளவு பெரிதாகும் வரை உருளாமல் மெதுவாக நெருங்குங்கள். பிறகு நிலையம் சுழலும் திசையிலேயே உருளல் விசையைச் சிறு சிறு தட்டாகத் தட்டி, வாயிலைப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

வேகம் பற்றி ஒரு சொல். மிக மெதுவாக ஊர்ந்து மோதினால் கவசம் மட்டும் குறையும், உயிர் தப்பும். வேகத்தோடு மோதினால் அவ்வளவுதான். பழகும் நாட்களில் வேகக் கோட்டின் கடைசி ஒரு துளி மட்டும் மிஞ்சும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாயிலைக் குறிபார்க்கிற நேரத்தில் ஏ விசையில் விரல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தைச் சுட்டால் உள்ளிருந்து வைப்பர் எனப்படும் காவல் கப்பல்கள் சாரை சாரையாக வெளியே வரும்.

5. முதல் 100 கிரெடிட்

ஒவ்வொரு கோளுக்கும் பொருளாதார வகை, ஆட்சி வகை, தொழில்நுட்பப் படி என்று மூன்று உண்டு. எஃப்6 அழுத்தினால் தெரியும். வேளாண் கோளில் உணவும் மதுவும் மலிவு. தொழிற்கோளில் கணினியும் இயந்திரமும் மலிவு. ஒன்றில் வாங்கி மற்றதில் விற்பதுதான் பிழைப்பு. ஆட்சி வகைதான் உயிருக்கு உத்தரவாதம்: கார்ப்பரேட் நாடும் மக்களாட்சியும் பாதுகாப்பானவை, ஆட்சியற்ற கோள் கொள்ளையர் கூடாரம்.

லேவ் ஒரு வளமான வேளாண் கோள். அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஸாவோன்ஸ் ஒரு தொழிற்கோள், கார்ப்பரேட் ஆட்சி, தொழில்நுட்பப் படி 12. புதியவருக்கு இந்த இரண்டுக்கும் இடையே போய்வருவதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

லேவில் முதல் நாள் உணவு 16 டன் இருக்கும், டன் நான்கு கிரெடிட்டுக்குள். எல்லாவற்றையும் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு டன் மது வாங்கலாம், ஆனால் ஒரு பத்துப் பதினைந்து கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் ஒரு ஒளியாண்டுக்கு 2 கிரெடிட். தொட்டி 7 ஒளியாண்டு கொள்ளும் என்பதால், முழுக்க நிரப்பினாலும் 14 கிரெடிட்டுக்கு மேல் ஆகாது. சரக்கில் எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு எரிபொருளுக்குக் காசில்லாமல் நிற்பது புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் பிழை.

ஸாவோன்ஸில் அதே உணவு 7 கிரெடிட் அளவில் போகும். ஒரு நடையில் ஐம்பது கிரெடிட்டுக்கு மேல் மிஞ்சும். அங்கே கணினி டன் ஏறக்குறைய 67, லேவில் ஏறக்குறைய 90. முதல் திரும்பு நடையில் இரண்டு டன் கணினிதான் வாங்க முடியும். சிரிக்காதீர்கள், ஐந்தாறு நடைக்குப் பிறகு கணக்கு வேகமாக ஏறும். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கியவுடன் விற்று, எரிபொருள் நிரப்பி, சேமித்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்க வேண்டும். விலைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள். எஃப்7 காட்டும் விலை நீங்கள் நிற்கும் கோளுக்கே உரியது. போகப்போகும் கோளின் விலையைத் தெரிந்துகொள்ள உங்கள் நோட்டைத் தவிர வேறு வழியில்லை.

போதைப்பொருளில் கொழுத்த லாபம் என்று யாராவது சொல்வார்கள். அதன் விலை கண்டபடி ஏறி இறங்குவது உண்மைதான். அதன் வினையை எட்டாம் படியில் சொல்கிறேன்.

6. எதை எந்த வரிசையில் வாங்குவது

பணம் சேர்ந்தவுடன் பெரிய லேசர் வாங்கத்தான் கை துடிக்கும். என் கருத்தில் முதலில் வாங்க வேண்டியது 400 கிரெடிட் விலையுள்ள பெரிய சரக்கறை. கொள்ளளவு 20 டன்னிலிருந்து 35 டன்னாகிறது. 35 டன் கணினி என்றால் ஒரே நடையில் எழுநூறு கிரெடிட்டுக்கு மேல் லாபம். அதன் பிறகு வாங்குவது எல்லாமே அந்தச் சரக்கறை ஈட்டித் தருவதுதான்.

இரண்டாவது, 600 கிரெடிட்டுக்கு ஈசிஎம் என்ற ஏவுகணை முறியடிப்பான். ஈ விசையைத் தட்டினால் சுற்றுவட்டாரத்தில் பறக்கும் ஏவுகணைகள் எல்லாம் வெடித்துவிடும், நீங்கள் ஏவியது உட்பட. இதை பீம் லேசருக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம், மோசமாகச் சுடுகிற கொள்ளையனைச் சமாளிக்கலாம், அவனுடைய ஒரே ஏவுகணையைச் சமாளிக்க முடியாது. மூன்றாவது, 1000 கிரெடிட்டுக்கு பீம் லேசர். வாங்கும்போது எந்தப் பக்கத்தில் பொருத்துவது என்று கேட்கும். அவசரத்தில் தவறான எண்ணைத் தட்டி ஆயிரத்தைக் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்டவன் நான்.

இவை மூன்றும் லேவிலேயே கிடைக்கும். அடுத்தவை தொழில்நுட்பப் படி கூடிய கோளில்தான் கிடைக்கும் என்பதால் ஸாவோன்ஸில் வாங்குங்கள்: கூடுதல் சக்தி அலகு 1500, நிலையத்தில் தானே நுழைக்கும் கணினி 1500, தப்பிக்கும் கலம் 1000. நுழைக்கும் கணினியை வைத்துக்கொண்டு, பாதுகாப்பு எல்லைக்குள் சி விசையைத் தட்டினால் நேரே உள்ளே போய்விடலாம். அப்படியானால் நான்காம் படியில் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த 1500 கிரெடிட் சேரும் வரை எத்தனை முறை நுழைய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ராணுவ லேசர் 6000. வேட்டைக்குப் போகும் முன் அது அவசியம், வணிகம் செய்யும் காலத்தில் ஆடம்பரம். 900 கிரெடிட் கொடுத்து வாங்கும் சக்திக் குண்டு ஒரே தடவைதான் வெடிக்கும்; நான் இரண்டு முறை வாங்கினேன், இரண்டு முறையும் வெடிக்க மறந்து செத்தேன்.

7. சண்டை

கருவிப் பலகையின் நடுவில் இருக்கும் நீள்வட்ட ஸ்கேனரைப் படிக்கப் பழகாமல் சண்டைக்குப் போகாதீர்கள். நடுவில் நீங்கள். மேற்பாதியில் இருப்பவை உங்களுக்கு முன்னால், கீழ்ப்பாதியில் இருப்பவை பின்னால். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு சிறு கோடு அந்தத் தளத்துக்கு வரும். அதன் நீளம் அந்தக் கப்பல் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதைச் சொல்லும்.

ஜே விசை வேலை செய்யாமல் ஒரு மந்தமான ஒலி மட்டும் கேட்டால் அருகில் யாரோ இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் என்றால் வணிகராக இருக்கலாம், சுடாதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து உங்களை நோக்கித் திரும்பினால் கொள்ளையர். அப்போது ஒவ்வொருவரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடாமல், ஒருவனைத் தேர்ந்து அவன் வெடிக்கும் வரை அவனையே தொடருங்கள். எதிரி உங்களைக் கடந்து பின்னால் போனவுடன் முழு வேகத்தில் திரும்பினால் அவனைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வேகத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத் திரும்பினால் அவன் வாலைப் பிடிக்கலாம்.

லேசரை விடாமல் அழுத்தாதீர்கள். இடப்பக்கம் லேசரின் சூட்டைக் காட்டும் கோடு நிறைந்துவிட்டால் லேசர் நின்றுவிடும். சுடுவதும் உங்கள் சக்தியைத்தான் தின்கிறது, கவசம் நிரம்புவதும் அதே சக்தியிலிருந்துதான். வலப்பக்கம் உள்ள நான்கு சக்திக் கோடுகளில் இரண்டு காலியானவுடன் சண்டையை விட்டு விலகுங்கள். ஒரு கோடு மிஞ்சும் வரை காத்திருந்தால் விலக நேரம் இருக்காது. ஹெச் அழுத்தித் தாவலாம் என்றால் 15இலிருந்து எண்ணிக்கை இறங்கி முடியும் வரை உயிரோடு இருக்க வேண்டும், தொட்டியில் எரிபொருளும் இருக்க வேண்டும்.

ஏவுகணையை யாரிடமும் வீணாக்காதீர்கள். பல கப்பல்களிடம் ஈசிஎம் உண்டு. 30 கிரெடிட் காற்றோடு போகும்.

8. சட்டம்

எஃப்8 காட்டும் பக்கத்தில் உங்கள் சட்ட நிலை இருக்கும்: தூய்மை, குற்றவாளி, தப்பியோடி. அடிமை, போதைப்பொருள், ஆயுதம் ஆகிய மூன்றும் தடை செய்யப்பட்டவை. இதில் உள்ள பொறி நுட்பமானது. வாங்கும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை, விற்கும்போதும் சொல்வதில்லை. அந்தச் சரக்கோடு நிலையத்தை விட்டுக் கிளம்பும் நொடியில்தான் பெயர் கெடுகிறது. நான் லாபம் பார்த்த மகிழ்ச்சியில் இருந்தேன், என் பின்னால் வைப்பர்கள் ஏன் வருகின்றன என்று புரியவே நாள் ஆயிற்று. 25 டன் போதைப்பொருளோடு கிளம்பினால் நேரே தப்பியோடி நிலைக்குப் போய்விடுவீர்கள்.

வேறு கோளுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கெட்ட பெயர் பாதியாகக் குறையும். ஆகவே நல்ல சரக்கோடு ஆறேழு நடை போய்வந்தால் தூய்மையாகிவிடலாம். தப்பிக்கும் கலத்தில் ஏறினால் ஒரே அடியில் தூய்மை கிடைக்கும், சரக்கு முழுவதும் போய்விடும்.

9. எரிபொருளும் நடுவழி மாட்டலும்

525 கிரெடிட் கொடுத்து எரிபொருள் அள்ளும் கருவியை வாங்கினால், சூரியனை ஒட்டிப் பறந்து இலவசமாகத் தொட்டியை நிரப்பலாம். சூரியனை நெருங்கும்போது கப்பலின் வெப்பக் கோடு ஏறும்; அள்ளும் செய்தி திரையில் தோன்றியவுடன் மேலும் நெருங்காமல் ஒட்டியே பறந்துகொண்டிருங்கள், நிரம்பியதும் விலகுங்கள். கோடு முழுக்க நிறைந்தால் வெந்துபோவீர்கள். அதே கருவி கொள்ளையர் சிதறவிடும் சரக்குப் பெட்டிகளையும் அள்ளும், ஆனால் பெட்டி திரையின் கீழ்ப்பாதி வழியே வர வேண்டும். மேற்பாதியில் வந்தால் அது மோதல்.

எப்போதாவது ஒருமுறை தாவல் பாதியில் அறுந்து, கோளும் சூரியனும் இல்லாத வெளியில் தர்காய்டு என்ற எண்கோண வடிவக் கப்பல்கள் நடுவே விழுவீர்கள். அங்கே அள்ள எரிபொருள் கிடையாது. மீண்டும் தாவ மிச்சம் இருந்தால்தான் பிழைப்பு. 7 ஒளியாண்டையும் செலவழிக்கும் நீண்ட தாவலைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தாய்க்கப்பலை வீழ்த்தினால் அது விட்டுச்செல்லும் குட்டிக் கப்பல்கள் செயலிழந்துவிடும், அவற்றை அள்ளி விற்கலாம்.

5000 கிரெடிட் விலையுள்ள அண்டத் தாவல் கருவி எட்டு அண்டங்களில் அடுத்ததற்கு அழைத்துச்செல்லும். ஒரே தடவைக்கானது, திரும்பும் வழி கிடையாது. எட்டையும் சுற்றித்தான் முதல் அண்டத்துக்கு வர முடியும். நோட்டில் எழுதிய விலைகளெல்லாம் பயனற்றுப் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

10. தரம் ஏற எவ்வளவு காலம்

8 கப்பல் வீழ்த்தினால் முதல் தரம் மாறும். பிறகு 16, 32, 64, 128 என்று இரட்டிப்பாகும். இந்த வேகத்தைப் பார்த்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அடுத்த படி 512, அதற்கடுத்தது 2560, கடைசியில் எலைட் என்ற தரத்துக்கு 6400. பழகிய கையால் மணிக்கு முப்பது வீழ்த்தலாம் என்று கொண்டால்கூட இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு ஏழு மாதம். எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று, நடுவில் இரண்டு மாதம் கோபத்தில் தொடவே இல்லை.

வேட்டைக்கு ஆட்சியற்ற கோள்தான் இடம். லேவ் வட்டாரத்தில் ரீட்குவாட் அப்படிப்பட்டது. ராணுவ லேசரும் கூடுதல் சக்தி அலகும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். சரக்கறையைக் காலியாக வைத்துக்கொண்டு போனால் அள்ளும் பெட்டிகளே எரிபொருளுக்கும் ஏவுகணைக்கும் காசு கொடுத்துவிடும். வட்டு வடிவத்தில், 256 வீழ்த்திய பிறகு, முதல் இரண்டு அண்டங்களில் ஏதாவதொரு நிலையத்தில் இறங்கும்போது, திருடுபோன கன்ஸ்டிரிக்டர் கப்பலைத் தேடும் பணி தேடி வரும். முடித்தால் 5000 கிரெடிட். அந்தக் கப்பல் சாதாரண லேசருக்கு அசையாது, அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு 256ஆவது வீழ்த்தலுக்கும் திரையில் தளபதியைப் பாராட்டி ஒரு வரி வரும். சேமிக்க வேண்டிய நேரம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6400 என்பது 256இன் இருபத்தைந்தாம் மடங்கு, ஆகவே கடைசித் தரத்தைத் தொடும்போதும் அந்த வரி வரும். அதைக் கண்டவுடன் அடுத்த கப்பலைத் துரத்தாமல் நிலையத்துக்குத் திரும்பி, வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டைத் தூரத்திலேயே பிடித்து, உள்ளே போய், அட் குறியை அழுத்துங்கள்.